50,000 ரூபாய்க்குள் ரோடு பைக்: புதுசா, செகண்ட் ஹேண்டா?

வேளச்சேரி வாசு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நேர் ஹேண்டில் வைத்த ஒரு ஹைப்ரிட் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் முட்டுக்காடு வரை, கால் ஒத்துழைத்தால் கோவளம் வரை போய்த் திரும்புகிற ஆள் நான். கூட வருகிறவர்கள் எல்லாம் ரோடு பைக்குக்கு, அதாவது வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயரும் உள்ள வேக சைக்கிளுக்கு, மாறிவிட்டார்கள், அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்துக்கு நான் வாயைத் திறக்காமல் மிதித்தால்தான் ஈடுகொடுக்க முடிகிறது. சரி, நாமும் மாறிவிடலாம் என்று தோன்றிவிட்டது. பட்ஜெட் 50,000. வீட்டில் சொல்லியிருப்பது 40,000.

இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். புதுசு: அலுமினியம் ஃபிரேம், ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் கியர் செட், பின்னால் 8 கியர், கேபிளில் இயங்குகிற டிஸ்க் பிரேக், 28 எம்எம் டயர். கடையில் 49,500 சொல்கிறார்கள், குறைக்க மாட்டார்களாம், பாட்டில் ஹோல்டர் வேண்டுமானால் தருவார்களாம். பழசு: துரைப்பாக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று விற்கிறார். அலுமினியம் ஃபிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் கார்பன், ஷிமானோ சோரா 9 கியர், சாதா ரிம் பிரேக். "2019 மாடல், 2,000 கிலோமீட்டர்கூட ஓடலை சார்" என்றார். கேட்பது 34,000.

உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 74 கிலோ. பஞ்சர் ஒட்டத் தெரியும், அதோடு என் சைக்கிள் அறிவு முடிந்தது. எதை எடுக்கலாம்?

எதிர்காற்று:

பழசுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 2020, 21இல் ஜிம் எல்லாம் மூடிக் கிடந்தபோது கடையில் சைக்கிளே கிடைக்காமல் ஆளாளுக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கினார்கள். ஊரடங்கு முடிந்ததும் நிறையப் பேர் பால்கனியில் சாத்தி வைத்துவிட்டார்கள், இப்போது அதன்மேல் துண்டு காய்கிறது. வாங்குகிறவனுக்கு இது நல்ல காலம்.

சோரா என்பது கிளாரிஸுக்கு ஒரு படி மேல், கார்பன் ஃபோர்க் வேறு. மிச்சமாகிற 15,000இல் ஹெல்மெட், லைட், ஷூ எல்லாம் வந்துவிடும். 34 சொன்னால் 28க்கு இறங்குவார். வெளிநாடு போகிறவருக்குத்தான் அவசரம், உங்களுக்கு இல்லை.

பால்ரஸ் மணி:

பால்கனியில் சும்மா நின்ற சைக்கிள் என்றால் எதிர்காற்று சொல்வது சரி. ஆனால் அதை விற்கிறவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, சைக்கிளைக் கேட்க வேண்டும். வாசு சார், நாலு போட்டோ வாங்கிப் போடுங்கள். ஹேண்டில்பாரை முன்னாலிருந்து ஒன்று, செயின் பக்கம் முழுசாக ஒன்று, பின் ரிம்மில் பிரேக் கட்டை உரசுகிற இடத்தைக் கிட்டத்தில் ஒன்று, ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் கீழ்க்குழாய் வந்து சேர்கிற இடத்தின் அடிப்பாகம் ஒன்று. "சூப்பர் கண்டிஷன்" என்று எழுதி வருகிற போட்டோவில் சைக்கிள் எப்போதும் தூரத்தில் சுவரில் சாய்ந்துதான் நிற்கும், அது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

விலை விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22இலிருந்து சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. அதாவது வரியோடு 52,000 இருந்த சைக்கிள், கடைக்காரர் முழுசாக நமக்குத் தள்ளினால் 48,750க்கு வர வேண்டும். செகண்ட் ஹேண்ட் விற்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தான் அன்றைக்குக் கொடுத்த விலையிலிருந்து கழிக்கிறார்கள். நீங்கள் அதே தரத்தில் இன்றைக்குப் புதுசு என்ன விலை என்று பார்த்து, அதிலிருந்து கழியுங்கள். அவர் வாங்கிய பில்லைக் காட்டினாலும் அது அவருடைய கதை.

இன்னொன்று, வாரண்டி. பெரும்பாலான கம்பெனிகள் ஃபிரேம் வாரண்டியை முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் தருகின்றன. கை மாறினால் போச்சு. புதுசில் நாளைக்கு வெல்டில் விரிசல் விட்டால் பில்லோடு போய் நிற்கலாம், பழசில் நின்றால் டீ கூடக் கிடைக்காது.

எதிர்காற்று:

அலுமினிய ஃபிரேமில் வெல்டு விட்டு வாரண்டிக்கு ஓடிய எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ஈசிஆரில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு ஃபிரேம் வாரண்டி என்பது வாங்கும்போது மனசுக்கு ஒரு தைரியம், அவ்வளவுதான். தேய்கிற சாமான் எதற்கும் வாரண்டி கிடையாது, செலவெல்லாம் அதில்தான் வரும்.

பால்ரஸ் மணி:

தேய்கிற சாமானில்தான் செலவு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழசில் அது ஏற்கெனவே தேய்ந்து வரும் என்பதுதான் என் கவலை.

தாம்பரம் தேவி:

எல்லோரும் கியர், வாரண்டி, ஜிஎஸ்டி என்று போகிறீர்கள், சைஸ் என்ன என்று யாருமே கேட்கவில்லையே. வாசு அண்ணா, அந்தத் துரைப்பாக்கம் சைக்கிள் என்ன சைஸ்? 5 அடி 6க்குப் பெரும்பாலும் 52, சில கம்பெனிகளில் 54 வரும், கால் நீளமா உடம்பு நீளமா என்பதைப் பொறுத்து மாறும். விற்கிறவர் 6 அடி ஆள் என்றால் அவர் உங்களுக்காகவா வாங்கியிருப்பார்? ஹைப்ரிட்டில் ஒரு சைஸ் முன்னே பின்னே இருந்தாலும் உட்கார்ந்து ஓட்டிவிடலாம், ரோடு பைக்கில் கை அவ்வளவு தூரம் முன்னால் நீள்வதால் 2 சென்டிமீட்டர் அதிகம் என்றாலே கழுத்தும் உள்ளங்கையும் சொல்லிவிடும். சீட்டை முன்னே தள்ளிச் சரிக்கட்டலாம் என்பார்கள், சீட்டை முட்டிக்காகத்தான் நகர்த்த வேண்டும், கைக்கு எட்டவில்லை என்று நகர்த்தினால் முட்டி வலி வரும்.

பழசில் இன்னொரு சிக்கல், ஃபோர்க்கின் மேல்குழாயை முதல் ஓனர் தனக்கு ஏற்ற மாதிரி அறுத்திருப்பார். ஹேண்டிலுக்குக் கீழே வளையம் வளையமாக ஸ்பேசர் இருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே இல்லாமல், ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் நேராக ஃபிரேமில் உட்கார்ந்திருந்தால், அறுத்த குழாயை யாரும் திரும்ப நீட்ட முடியாது. ஸ்டெம்மை மேல்நோக்கிக் கவிழ்த்துப் போட்டால் கொஞ்சம் உயரும், அதோடு சரி. முதல் தடவை ரோடு பைக் ஓட்டுகிறவருக்கு ஹேண்டில் உயரமாக இருப்பதுதான் நல்லது.

105 ரசிகன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கோட்டூர்புரத்தில் தெரிந்த பையன் ஒருவன் முழுக் கார்பன், ஷிமானோ 105 கியர் செட், 11 கியர், 60,000க்குத் தருகிறான். பட்ஜெட்டை ஒரு பத்து ஏற்றினால் வேற லெவல் சைக்கிள். 8 கிலோ சொச்சம்தான்.

பால்ரஸ் மணி:

பஞ்சர் மட்டும் ஒட்டத் தெரிந்தவருக்குப் பழைய கார்பனா? அலுமினியம் அடிபட்டால் பள்ளம் தெரியும், பெயின்ட் சுருங்கும். கார்பனில் வெளியே ஒரு கீறல், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டித் தட்டிச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு, அதற்கும் காது பழக வேண்டும். அந்தப் பையன் விழுந்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்தாலும் நான் வாசு சாருக்குச் சொல்ல மாட்டேன். எடை குறைவு என்பது ஏலகிரி ஏறுகிறவருக்கு. நம் ஈசிஆரில் ஏற்றம் என்று சொல்ல முட்டுக்காடு பாலம் ஒன்றுதான்.

105 ரசிகன்:

சரி சரி, நானே வாங்கிக்கொள்கிறேன்.

வேளச்சேரி வாசு:

இவ்வளவு பேர் பதில் போட்டதற்கு நன்றி. தேவி சொன்ன பிறகுதான் சைஸ் கேட்டேன், 52 என்கிறார். மணி சார் கேட்ட நாலு போட்டோவும் கீழே. ரிம் போட்டோ கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது, அவர் அப்படித்தான் அனுப்பினார்.

பால்ரஸ் மணி:

முதல் போட்டோவே போதும். ஹேண்டில்பாரில் பிரேக் லீவருக்கு உட்பக்கத்திலிருந்து இரண்டு கேபிள் வெளியே வந்து, கொடிக்கயிறு மாதிரி குறுக்கே வளைந்து கீழே போகிறதே, பார்த்தீர்களா? அவை கியர் கேபிள்கள். 2016இல் வந்த சோரா ஆர்3000 வரிசையில் இந்தக் கேபிளை ஹேண்டில் டேப்புக்குள்ளே மறைத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தால் அது அதற்கு முந்தைய 3500 வரிசை. லீவரின் உடம்பில் பொடி எழுத்தில் எஸ்டி-3500 என்று இருக்கும், நேரில் போனால் பாருங்கள். 2019இல் தேங்கிக் கிடந்த சரக்கைத் தள்ளுபடியில் வாங்கியிருக்கலாம், அப்படியானால் பில் இருக்கும். இல்லையென்றால் இது 2013க்கும் 2016க்கும் நடுவில் வந்த சைக்கிள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரே கைமாற்றி வாங்கியிருக்கலாம், அவருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறார்.

பழைய சோரா மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் "கிளாரிஸுக்கு ஒரு படி மேல்" என்ற பேச்சு இங்கே செல்லாது. இப்போதைய கிளாரிஸ் ஆர்2000இல் கேபிள் உள்ளேதான் போகிறது, லீவர் வடிவமும் கைக்கு இன்னும் வாகாக இருக்கும்.

எதிர்காற்று:

இது நல்ல கண். சரி, 2019 இல்லை என்றால் 34 அதிகம்தான். ஆனாலும் போய்ப் பாருங்கள் வாசு, பார்ப்பதற்குக் காசா பணமா?

வேளச்சேரி வாசு:

இந்த வாரம் போகிறேன். என்னவெல்லாம் பார்க்க வேண்டும், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பால்ரஸ் மணி:

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், 12 அங்குலம் உள்ளது. செயினை மேல்பக்கம் இறுக்கமாக இருக்கும்படி பெடலை லேசாக அழுத்திக்கொண்டு, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் சுழியை வையுங்கள். புதுச் செயின் என்றால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 1/8 தள்ளியிருந்தால் செயினோடு பின் பல்சக்கரக் கேசட்டும் போயிருக்கும், புதுச் செயின் போட்டால் பழைய பல்லில் உட்காராமல் வழுக்கும். விற்கிறவர் சொல்கிற கிலோமீட்டரை நம்புவதா வேண்டாமா என்பதற்கு இந்த ஸ்கேல்தான் சாட்சி.

அடுத்து ரிம். ரிம் பிரேக்கில் கட்டை உரசி உரசி அலுமினியமே தேயும், ஈசிஆர் மணல் சேர்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும். ஸ்கேலின் விளிம்பை ரிம்மின் பக்கவாட்டில் வையுங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்திருக்கிறது. சில ரிம்மில் சின்னப் புள்ளியோ கோடோ போட்டிருப்பார்கள், அது அழிந்திருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை, தேய்ந்தால் தட்டை மட்டும் மாற்றலாம்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஃபோர்க் ஃபிரேமுக்குள் நுழைகிற இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் இருந்தால் தெரியும். பெடலைத் தாங்குகிற க்ராங்கைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், டக் டக் என்றால் பேரிங் மாற்ற வேண்டும். இவை எல்லாம் செலவுதான், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது கீழ்க்குழாய் முன்னால் வந்து சேர்கிற இடத்தின் அடியில் பெயின்ட் சுருக்கம். அங்கே சுருக்கம் இருந்தால் நேராக எதன்மேலோ மோதியிருக்கிறது என்று அர்த்தம், பேசாமல் வந்துவிடுங்கள். பின்னால் நின்று பார்த்தால் கியர் மாற்றி கேசட்டுக்கு நேர்கீழே தொங்க வேண்டும், உள்பக்கம் வளைந்திருந்தால் வலதுபக்கம் விழுந்திருக்கிறது. அதைத் தாங்குகிற ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், பழைய மாடலுக்குத் தேடி அலைய வேண்டி வரும்.

கடைசியாக ஒன்று, சீட் போல்ட்டைத் தளர்த்தி சீட் கம்பத்தை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இது முக்கியம். நம் ஊரில் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து, வருஷக் கணக்கில் அசைக்காத கம்பம் ஃபிரேமுக்குள் இறுகிவிடும். அப்புறம் அதை எடுக்க ஃபிரேமையே பதம் பார்க்க வேண்டியிருக்கும்.

தாம்பரம் தேவி:

க்ராங்க்குக்கு அடியில் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும், பில்லில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். பில் இல்லை என்றால் யாரிடம் வாங்கினார் என்றாவது கேளுங்கள். நல்ல சைக்கிள்கள் அடுக்குமாடி வாசலில் திருடு போகிற ஊர் இது.

வேளச்சேரி வாசு:

பார்த்துவிட்டு வந்தேன். நல்ல மனிதர், காபி எல்லாம் கொடுத்தார். பில் இல்லை, ஆபீஸ் நண்பரிடம் வாங்கியதாம், அந்த நண்பரிடம் போனிலும் பேச வைத்தார். அதனால் திருட்டு பயம் இல்லை. லீவரில் எஸ்டி-3500 என்றே இருந்தது, காட்டினேன், "அப்படியா சார்?" என்றார், நிஜமாகவே தெரியவில்லை போலிருக்கிறது.

ஸ்கேல் வைத்தேன். பின்னின் நடு 12ஐத் தாண்டி அந்தச் சின்னக் கோடு இரண்டு தள்ளி இருந்தது, என் ஸ்கேலில் அங்குலத்துக்கு 16 கோடு. அப்படியென்றால் 1/8தானே? நான் ஸ்கேல் வைப்பதைப் பார்த்து அவருடைய பையன் வந்து அவனும் அளந்தான், அதே கணக்குதான். முன் ரிம் சமமாக இருக்கிறது, பின் ரிம்மில் நடுவில் நூல் அளவு வெளிச்சம். ஆட்டம் எங்கும் இல்லை. பெயின்ட் சுருக்கம் இல்லை. சீட் கம்பம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்பேசர் மூன்று இருக்கிறது. டயர் இரண்டும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஹைப்ரிட்டோடு ஒப்பிட்டால் அம்பு.

எதிர்காற்று:

ஃபிரேம் நன்றாக இருக்கிறது, சைஸ் சரி, கம்பம் வருகிறது. விலையை இறக்கி எடுங்கள்.

பால்ரஸ் மணி:

ஆமாம், இரண்டு கோடு என்றால் 1/8. இது 2,000 கிலோமீட்டர் செயின் இல்லை, பல மடங்கு ஓடியிருக்கிறது. ஃபிரேம் நல்ல சேதி, அதில் எனக்குச் சந்தோஷம்.

செலவுக் கணக்கு, எனக்குத் தெரிந்த விலையில்: 9 கியர் செயினும் கேசட்டும் 4,000 வாக்கில், முன் பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். டயர் ஜோடி, ட்யூபோடு 5,000. கேபிள், பிரேக் கட்டை, ஹேண்டில் டேப் 2,500. ஓவராயில் கூலி 2,000. பின் ரிம் இன்னும் ஒரு வருஷம் போகலாம், அப்புறம் புது ரிம் போட்டுக் கம்பி கோர்த்துக் கோட்டம் எடுக்க 4,000 ஆகும். கூட்டினால் 17,500. இது அவர் கேட்கிற 34,000க்கு மேலே. 51,500க்குப் பத்து வருஷப் பழைய சைக்கிளா? 20,000க்குக் கிடைத்தால் நானே வந்து பிரித்துப் பூட்டித் தருகிறேன், கூலியும் மிச்சம். 22 வரை போகலாம். அதற்கு மேல் புதுசு.

கணக்குப்பிள்ளை:

இதைத்தான் நான் ஜிஎஸ்டி சொல்லிச் சுற்றி வளைத்தேன்.

எதிர்காற்று:

மணி, டயரும் டேப்பும் கேபிளும் புது சைக்கிளிலும் என்றைக்காவது மாற்ற வேண்டியவைதானே? அதை எல்லாம் பழைய சைக்கிள் தலையில் மட்டும் கட்டுகிறீர்கள். கிளாரிஸ் அலுமினியத்தைக் கடையிலிருந்து வெளியே உருட்டிய அன்றே மதிப்பு 35 ஆகிவிடும். அடுத்த வருஷம் ஆர்வம் போய் விற்றால் 15,000 நஷ்டம். இந்தப் பழசை 24க்கு எடுத்துச் சரிசெய்து ஓட்டிவிட்டு விற்றால் அதே விலைக்குப் போகும்.

தாம்பரம் தேவி:

விற்கிற கணக்கோடு வாங்குகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. இவர் ஓட்ட வாங்குகிறார். அப்புறம் டயர் அகலத்தை யாரும் பேசவில்லை. அந்தக் காலத்து ரிம் பிரேக் சைக்கிளில் பெரும்பாலும் 25க்கு மேல் டயர் நுழையாது. ஈசிஆர் வழவழ என்று இருக்கும், ஆனால் வேளச்சேரியிலிருந்து ஈசிஆர் போய்ச் சேர வேண்டுமே, தரமணி ரோட்டில் தோண்டி மூடிய இடத்தில் 25 எம்எம் டயரில் போனால் பல் ஆடும். 74 கிலோ ஆளுக்கு 28 நிம்மதி. மழையில் பிரேக் பிடிப்பதும் டிஸ்க்கில்தான் நம்பிக்கை.

கியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ரெவே என்கிற நேரக்கெடு வைத்த நீண்டதூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள், மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். கிளாரிஸில் அதை முடித்தவர்களை எனக்குத் தெரியும். 8 கியர் செயின் மலிவு, எங்கும் கிடைக்கும், கொஞ்சம் சேறு பட்டாலும் கோபித்துக்கொள்ளாது.

வேளச்சேரி வாசு:

22,000 கேட்டேன். ஸ்கேல் கணக்கையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் 30க்குக் கீழே வர முடியாது என்றார், நான் 23 வரை போனேன். சாயங்காலமே யாரோ 30 கொடுத்து எடுத்துப் போய்விட்டார்களாம், மெசேஜ் போட்டிருந்தார். மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது என்பது உண்மை, அந்த ஓட்டம் அப்படி.

பால்ரஸ் மணி:

எடுத்தவரிடம் ஸ்கேல் இல்லை, அவ்வளவுதான்.

வேளச்சேரி வாசு:

இன்னும் இரண்டு மூன்று பழசு விசாரித்தேன். ஒன்று 56 சைஸ், ஒன்றில் ஸ்டெம் ஃபிரேமோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது, ஒருவர் போட்டோ அனுப்பவே மாட்டேன் என்றார். நல்லது வருகிற வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, மணி சாரை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு பண்ணவும் முடியாது. அதனால் புதுசு எடுத்துவிட்டேன். கடையில் எம் சைஸ்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள், அதையே தலையில் கட்டப் பார்த்தார்கள். தேவி சொன்னது ஞாபகம் வந்து எஸ் கேட்டேன், வரவழைத்துத் தந்தார்கள். ஸ்டெம்மும் 100 எம்எம்முக்குப் பதில் 90 போட்டுத் தரச் சொல்லி வாங்கிவிட்டேன், அதற்குக் காசு வாங்கவில்லை. 49,500. வீட்டில் இன்னும் 40தான்.

எதிர்காற்று:

வாழ்த்துகள். அடுத்த வருஷம் 30க்கு விற்கும்போது முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

தாம்பரம் தேவி:

ஃபோர்க் குழாயை அறுக்க விட்டீர்களா?

வேளச்சேரி வாசு:

இல்லை, ஸ்பேசர் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு சின்னச் சந்தேகம். டயரில் காற்று அடிக்கப் பெட்ரோல் பங்க் போனேன், அவர்கள் குழாய் பொருந்தவே இல்லை, வால்வ் ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

பால்ரஸ் மணி:

அது பிரெஸ்டா வால்வ். நுனியில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பங்க்கில் அடிக்கப் பித்தளை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், அவசரத்துக்குப் பையில் ஒன்று இருக்கட்டும். ஆனால் மீட்டர் வைத்த தரை பம்பு ஒன்று வீட்டுக்கு வாங்கிவிடுங்கள், இந்த டயரில் காற்று வாரத்துக்கு வாரம் இறங்கும். உங்கள் எடைக்கு 28 எம்எம்மில் முன்னால் 70, பின்னால் 75 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற உச்ச அளவுக்கு ஏற்ற வேண்டாம், தரமணி ரோட்டில் முதுகெலும்பு எண்ணிவிடும். கேபிள் புதுசில் கொஞ்சம் தளரும், ஒரு மாதம் ஓட்டியதும் கடையில் இலவச சர்வீஸுக்குக் கொடுத்து கியரும் பிரேக்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசு:

பம்பு எவ்வளவு ஆகும் சார்? அந்தக் கணக்கையும் வீட்டில் எப்படிச் சொல்வது என்று பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

1,500 வாக்கில் நல்லதாகக் கிடைக்கும். சைக்கிளோடு கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுங்கள்.